தளவாய் போன குகை

“பொன்னைத் தூக்கிட்டு ஓடுன தளவாய் வம்சந்தானம்மா நீ! குகையில போயி என்னத்தத் தேடப்போற?”

கோயில் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர் சங்கரவேலு கேட்டதும் ஊரே சிரித்தது. மறுநாள் விடிந்ததும் செண்பகவடிவு மலையேறிவிட்டாள்.

இருநூறு வருஷங்களுக்கு முன்பு, ஓடைத் தண்ணீரை மேற்குப் பாளையத்தார் மறித்ததால் மூண்டது கரடிக்கல் போர். மூன்றாம் நாள் கோட்டைத் தளவாய் உக்கிரப்பாண்டி காணாமல் போனார். தலைவன் இல்லாத படை சிதறியது, கோட்டை எரிந்தது. அன்றிலிருந்து வடிவின் குடும்பத்துக்கு ‘ஓடுகாலி வீடு’ என்றே பெயர். இப்போது மலைமேல் பாழடைந்து கிடந்த அந்தக் கோட்டைக்குப் பின்னால் மண் சரிந்து, ஒரு குகை திறந்திருந்தது.

கண்டு சொன்னவர் காட்டுவாசி பூதத்தான் காணி. கயிற்றோடு அவர் வெளியே நின்றார். “மேக்க இருட்டிக்கிட்டு வருது. மழை விழுந்தா உள்ள தண்ணி பாஞ்சிரும். நான் விசிலடிச்சா ஓடி வந்துரணும்!”

வடிவும் அவள் சித்தி மகன் இசக்கிராசாவும் தவழ்ந்து உள்ளே நுழைந்தார்கள். வௌவால்கள் முகத்தில் அறைந்தன. சரிவில் சறுக்கி விழுந்த இசக்கிராசா கத்தினான்: “அக்கா! பெட்டி!”

மூடியை உடைத்தார்கள். பொன் இல்லை. மட்கிய துணிகள், சின்னச் சின்ன வெள்ளித் தண்டைகள். வடிவு டார்ச்சைத் திருப்பினாள். சுவரோரம் வரிசையாக எலும்புக்கூடுகள். எல்லாம் சிறியவை.

“பிள்ளைங்கடா...” என்றாள்.

எதிர்ப்பக்கம் பழைய வாசலைப் பாறைகள் அடைத்திருந்தன. அங்கே ஒரே ஒரு பெரிய எலும்புக்கூடு. கையருகே கிடந்த வாள் பாதியாகத் தேய்ந்திருந்தது. பாறையெங்கும் கீறல்கள். வாள்பிடியில் ‘உக்கிரப்பாண்டி’ என்ற எழுத்து.

கோட்டைப் பிள்ளைகளை ஒளித்துவைக்க வந்திருக்கிறார். பாறை சரிந்திருக்கிறது. கடைசிவரை தோண்டியிருக்கிறார்!

வெளியே விசில் அலறியது. தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்தது.

“ஓடுல!”

“காலு மாட்டிக்கிட்டுக்கா!” உருண்ட கல்லுக்கடியில் இசக்கிராசா துடித்தான். வடிவு வாளைக் கல்லுக்கடியில் கொடுத்து, உடம்பெல்லாம் சாய்த்து நெம்பினாள். வாள் முறிந்தது, கால் விடுபட்டது. கழுத்தளவு நீரில் கயிற்றைப் பிடித்தார்கள். காணி இழுத்துப் போட்டார்.

ஊர் மந்தையில் சங்கரவேலு காத்திருந்தார். “பொன் எங்கம்மா?”

முறிந்த வாள்பிடியையும் மடியில் முடிந்து வந்த ஒரு ஜோடித் தண்டையையும் அவர் முன் வைத்து, கண்டதைச் சொன்னாள். தண்டையின் உள்பக்கம் வேல் குறி. சங்கரவேலு வீட்டுக் குறி அது. அவர் முகம் வெளுத்தது.

“எங்க வீட்டுக் கன்னித் தெய்வம்... அந்தப் பிள்ளை கோட்டையில எரிஞ்சு போனாள்னுதானம்மா வருசா வருசம் பாவாடை வச்சுக் கும்பிடுதோம்.”

“தளவாய் போனது நெசந்தான் பெரியவரே. அதனாலதான் தோத்தோம். எதுக்குப் போனாருன்னுதான் யாரும் கேக்கல.”

வென்றுவிட்டோம் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை.

தண்ணீர் வடிந்ததும் ஊரே மலையேறியது. பதினான்கு பிள்ளைகளையும் தளவாயையும் இறக்கி, ஓடைக்கரையில் குழிகள் வெட்டினார்கள்.

“தளவாயை எங்க வைக்க?” என்று யாரோ கேட்டார்.

சங்கரவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பிள்ளைங்களுக்கு நடுவுல வைங்கப்பா. அதுங்க பயப்படாம இருக்கும்.”