ஒட்டாத பிக்கார்டு

“ஐயோ… என்ன பண்ணிட்டேள்!”

செம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நகுலின் கையில் ஒரு கறுப்புத் தகடு தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில், மழையில் நனைந்த கிடாரைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணின் கண்கள்… அப்பப்பா! கோபத்தில்கூட இவ்வளவு அழகாக விரியுமா?

“நீங்க தமிழா?” என்றான் அசடு வழிய.

“இப்ப அதுவா முக்கியம்? ஏன் பிச்சேள்?”

நியாயமான கேள்விதான். நகுலுக்கு, ஒட்டும் டேப் விற்கும் கம்பெனியில் வேலை. ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும் எதைப் பார்த்தாலும் அவன் கை சும்மா இருக்காது. அவள் கிடாரின் வட்ட ஓட்டைக்குக் கீழே இருந்த தகட்டின் மேல், கடையில் வந்த மெல்லிய பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் சுருண்டிருந்தது. அதை மட்டும்தான் உரிக்க நினைத்தான். ஈரத்தில் தகடே கையோடு வந்துவிட்டது.

“மேல இருக்கற பிளாஸ்டிக்கைத்தான்… யாராவது அதைப் போய் அப்படியே வச்சிண்டு இருப்பாளா?”

“எங்காத்துல ஃபிரிட்ஜுலயே இன்னும் பிரிக்கலை! எதுலயும் ஒரு கீறல் விழப்படாது அப்பாவுக்கு. கம்பியை மீட்டற பிக் உரசி மரம் கீறாம இருக்கத்தான் இந்த பிக்கார்டே. இது இல்லாம கிடாரைப் பார்த்தார்னா, கிளாஸும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னுடுவார்.”

நகுல் கம்பிகளை மெல்ல மீட்டிப் பார்த்தான். “அரே… இது இல்லாமத்தான் சத்தம் நன்னா இருக்கு. விட்டுடுங்கோளேன்.”

“கிடார் உங்களுதா, என்னுதா?”

“சரி சரி… நானே ஒட்டித் தரேன். எங்க கம்பெனி டபுள் டேப், ரெண்டு பக்கமும் ஒட்டும். ஒட்டினா பக்கா!”

ஸ்டேஷன் எதிரே இருந்த உடுப்பி ஹோட்டலில், இரண்டு காபிக்கு நடுவே, அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிக்கார்டை ஒட்டினான். தலைமுடியிலிருந்து ஒரு மழைத்துளி இறங்கி அவன் இமையில் நின்றது. அதைக் கவனிக்காமல் வேலையிலேயே கண்ணாக இருந்தான். அவள் கவனித்தாள். கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

பெயர் ஷ்ருதி என்றாள். வீடு அணுசக்தி நகர். சனிக்கிழமைதோறும் செம்பூரில் கிடார் கிளாஸ்.

“தூக்கிண்டா போன் பண்ணுங்கோ. ஆனா தூக்காது,” என்று நம்பரைக் கொடுத்தான் நகுல்.

அடுத்த சனிக்கிழமையே போன் வந்தது. “உங்க டேப் போயிடுத்து.”

அவனுக்கு நம்பவே முடியவில்லை. ஓடி வந்து ஒட்டினான். அதற்கு அடுத்த வாரமும் பிக்கார்டு பெயர்ந்துவிட்டது. அதற்கும் அடுத்த வாரமும்…

எப்படி ஒட்டும்? கிளாஸுக்கு வரும்போது, ரயில் கோவண்டி தாண்டியதும், லேடீஸ் பெட்டியின் மூலையில் உட்கார்ந்து, அம்மணியே நகத்தால் மெல்ல மெல்லப் பிய்த்துவிடுகிறாளே! மனசு படபடவென்று அடித்துக்கொள்ளும். ‘தப்பு ஷ்ருதி… இந்த ஒரு வாரம் மட்டும்…’ ஒவ்வொரு வாரமும் அதையேதான் சொல்லிக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை நகுல் ஹோட்டலுக்குச் சிரிக்காமல் வந்தான். காபி சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன ட்ரில் மெஷினை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“இது எதுக்கு?”

“ரெண்டு ஸ்க்ரூ போட்டுடறேன். இனிமே ஜென்மத்துக்கும் வராது.”

“மரத்துல ஓட்டை போடப்போறேளா!”

“வேற வழியில்லை ஷ்ருதி. நம்ம டேப் மழைக்குத் தாங்காதுன்னு நேத்து மேனேஜர்கிட்ட பெரிய சண்டை. உனக்கு ஒட்டவே தெரியலைன்னு சிரிக்கறார். நம்பிக்கை இல்லாத சாமானை நான் விக்கமாட்டேன், வேலையை விடறேன்னு சொல்லிட்டேன்.”

விளையாட்டு வேலைவரை போய்விட்டதா? அவன் பிக்கார்டை இடத்தில் வைத்து ட்ரில்லை இயக்கினான். விர்ர்ர்…

அவள் சட்டென்று கிடார்மேல் உள்ளங்கையைப் பரப்பினாள். “வேண்டாம்! டேப் நல்ல டேப்தான். நான்தான்… வாராவாரம் ட்ரெயின்ல நானே பிச்செடுத்தேன்.”

ட்ரில் நின்றது. பக்கத்து மேஜையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கையும் நின்றது.

“ஏன்?” நகுலின் முகம் சிவந்திருந்தது. “என் வேலையே போயிருக்குமே… ஏன் இப்படிப் பண்ணினேள்?”

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. “நன்னா ஒட்டிண்டுடுத்துன்னா… அப்புறம் நீங்க எதுக்கு வரப்போறேள்?”

அவன் ட்ரில்லை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தான். போய்விட்டான், எல்லாம் முடிந்தது என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்…

“ஹலோ, கேஷவ் சார்?” தலைமேல், மேனேஜரோடு போனில் பேசும் அவன் குரல் கேட்டது. “டேப்ல ஒரு தப்பும் இல்லை சார். சாரி சார். வேலையெல்லாம் விடலை. இல்லை சார்… கஸ்டமருக்கு என்னைப் பிடிச்சிருக்கு, அதான் ஒட்டலை. ஆமா சார்.” அவளையே பார்த்துக்கொண்டு சொன்னான். “எனக்கும் கஸ்டமரை ரொம்பப் பிடிச்சிருக்கு.”

ஷ்ருதி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கு வழியாகச் சிரிப்பு மட்டும் வெளியே வந்தது.

எப்போது எழுந்தாள், எப்படி வண்டி ஏறினாள்… ஒன்றும் ஞாபகமில்லை. வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனான மான்குர்த்தில் இறங்கிய பிறகுதான் தூக்கிவாரிப்போட்டது. அவசரமாகப் போன் செய்தாள்.

“ஐயோ… பிக்கார்டு உங்ககிட்டயே இருக்கே! அப்பாகிட்ட நான் என்ன சொல்றது?”

“ஒண்ணும் சொல்லாதே. நாளைக்கு உங்காத்துக்கு வந்து, அவர் எதிர்க்கவே ஒட்டறேன்.” அவன் கொஞ்சம் தயங்கினான். “அவர்கிட்ட கேக்கறதுக்கு வேற ஒரு விஷயமும் இருக்கு.”