விரலுக்குத் தெரியாத பொருத்து

"நான் போகமாட்டன். உடைஞ்ச இளநீர்க் கோம்பையைத் தலையில கவிழ்த்துக்கொண்டு வாறான் எண்டு எல்லாரும் சிரிப்பாங்கள்."

கதவுக்குப் பின்னால் நின்றுதான் றினாஸ் இதைச் சொன்னான். அவனுக்கு ஏழு வயது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வினோத உடைப் போட்டி. விண்வெளி வீரராக வருவேன் என்று அவனே பெயர் கொடுத்திருந்தான். தலையில் போடக் கிடைத்ததோ உடைந்த ஒரு தலைக்கவசம். மேடை என்றாலே ஓடி ஒளிகிற பிள்ளை, பெயர் கொடுத்ததே பெரிய காரியம்.

"சிரிக்கமாட்டாங்கள். பொருத்தே தெரியாமல் செய்து தாறன்," என்றாள் அவனுடைய அக்கா றுஷ்தா. அவள் ஆறாம் வகுப்பு.

"சத்தியமா, றாத்தா?"

"ஓம்."

சொல்லியாயிற்று. இனிச் செய்யவேண்டும்.

முகத்தையும் மூடுகிற அந்தப் பிளாஸ்டிக் தலைக்கவசத்தைத் தந்தது அவளோடு படிக்கிற நிவேதிகா. "என்ட தம்பி வளந்திட்டான். விழுந்து ரெண்டாப் பிளந்துபோச்சு, ஒட்டினா சரிவரும்," என்று சொன்னாள். சும்மா தரவில்லை, கழுவித் துடைத்து, தெறித்த சின்னத் துண்டைக்கூடத் தேடி எடுத்து, பையில் போட்டுத் தந்தாள். நல்ல பிள்ளை.

றுஷ்தா அதை ஒட்டிவிட்டாள். ஆனாலும் உச்சியிலிருந்து பிடரிவரை ஒரு நீளமான வெடிப்பு, ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் கிடந்தது.

வாப்பா முஹைதீன் தாழ்வுபாட்டுக் கரையில் பைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுகிறவர். சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்து கதிரையில் சாய்ந்ததும் றுஷ்தா பக்கத்தில் போய் நின்றாள்.

"வாப்பா, படகு வெடிப்புக்குப் பூசுற பட்டி கொஞ்சம் தாங்கோவன்."

"ஏன், ஹெல்மெட் கடலுக்குப் போகுதோ?"

"இல்லை வாப்பா, நிலாவுக்கு."

களைத்துப்போய் இருந்த மனிதர், சிரித்துக்கொண்டே எழும்பினார். டின்னிலிருந்து பட்டியை வழித்தெடுத்து, இறுக வைக்கிற மருந்தையும் தானே கலந்து தந்தார்.

"கெதியாப் பூசு மக. இது உனக்காகக் காத்துக்கொண்டு நிக்காது."

கைக்குப் பையைக் கட்டிக்கொண்டு, வெடிப்பு முழுவதையும் நிரப்பினாள். இனிக் காயவைக்கவேண்டும். அந்த வீட்டில் எது காயவேண்டுமென்றாலும் உம்மாவின் கருவாட்டுப் பந்தலுக்குத்தான் போகும். நனைந்த சப்பாத்து, நனைந்த கொப்பி எல்லாம் அங்கேதான். றுஷ்தா யோசிக்கவே இல்லை. சூடைக் கருவாட்டுக்கும் கட்டாக் கருவாட்டுக்கும் நடுவே தலைக்கவசத்தை வைத்துவிட்டுச் சோறு தின்னப் போனாள்.

அன்றைக்குப் பார்த்துக் கச்சான் காற்று, கரை மணலை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தது.

திரும்பி வந்தபோது பட்டி கல்லாக இறுகியிருந்தது. அதன்மேல், பணிஸில் சீனி தூவினமாதிரி, மணல்.

"றாத்தா, ஒரு மீன் செதிலும் ஒட்டியிருக்கு," என்றான் றினாஸ். அழுதுகொண்டே மறுபடியும் கதவுக்குப் பின்னால் போய்விட்டான்.

றுஷ்தாவுக்கும் அழுகை வந்தது. ஆனால் ரெண்டுபேரும் அழுதால் ஹெல்மெட்டை யார் பார்ப்பது? வாப்பாவின் தேய்ந்த அரத்தாளை எடுத்தாள். மூக்குக்குத் துணி கட்டி, தண்ணீர் தொட்டுத் தொட்டு, மணலும் செதிலும் போகும்வரை தேய்த்தாள். கை கடுத்தது. பொழுது சாய்ந்தது.

ஞாயிறு காலை வாப்பா டின்னின் அடியைச் சுரண்டினார். ஒரு கரண்டிதான் வந்தது.

"இதுதான் கடைசி, மக."

இந்த முறை பூசுமுன் றுஷ்தா முற்றத்தில் நின்று யோசித்தாள். காற்றும் மணலும் போகாத இடம் எது? உடுப்புத் தோய்க்கிற பெரிய பேசின் கண்ணில் பட்டது. பட்டியைப் பூசி, தலைக்கவசத்தை வைத்து, பேசினைக் கவிழ்த்து மூடி, மேலே ஒரு கல்லும் வைத்தாள்.

உம்மா றாபியா உடுப்புக் குவியலோடு வந்து நின்றார். "என்ட பேசினுக்குள்ள ஆர்?"

"விண்வெளி வீரர் உம்மா. அரை மணித்தியாலம் பொறுங்கோ."

"அல்லாஹ்! வீரரைக் கெதியா வெளியில வரச்சொல்லு," என்று உம்மா உடுப்புகளை ஓரமாக வைத்தார்.

அரை மணித்தியாலம் கழித்துப் பேசினைத் தூக்கினாள். ஒரு மணல் மணியும் இல்லை. பிறகு தேய்ப்புத் தொடங்கியது. கொஞ்சம் தேய்த்துவிட்டு றினாஸைக் கூப்பிட்டாள்.

"கண்ணை மூடு. விரலால தடவு. பொருத்து எங்க எண்டு சொல்லு."

"இஞ்ச!"

மறுபடி தேய்த்தாள்.

"இஞ்சயும்!"

"உன்ட விரலா, எலி மூக்கா?"

அவன் சிரித்தான். ஐந்தாவது தரம் விரல் உச்சியிலிருந்து பிடரிவரை போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது.

"றாத்தா... காணேல்லை!"

மிச்சமிருந்த படகு வெள்ளைப் பெயின்றை வாப்பா பூசிக் கொடுத்தார். ஒன்றுமட்டும் சரிவரவில்லை. உள்ளுக்குள் கருவாட்டு மணம். சவர்க்காரம் போட்டார்கள், தேசிக்காய் தேய்த்தார்கள், போகவே இல்லை.

திங்கட்கிழமை. மண்டபத்தின் கடைசியில் பெருவிரலில் எக்கி நின்றாள் றுஷ்தா. மேடையில் றினாஸ். வெள்ளைத் தலைக்கவசம் மினுங்கியது.

போட்டியை நடத்துகிற ஆசிரியர் நடராசா சேர் மைக்கோடு குனிந்தார். "தம்பி, எங்கயிருந்து வாறீர்?"

"நிலாவில இருந்து, சேர்."

சேர் மூக்கை உறிஞ்சினார். "நிலாவிலயும் கருவாடு காயுதோ?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. இனி அழுதுகொண்டு ஓடிவருவான் என்று றுஷ்தா நினைத்தாள்.

றினாஸ் ஓடவில்லை. மைக்கை எட்டிப் பிடித்தான்.

"ஓம் சேர். அங்க வெயிலும் இருக்கு, மணலும் இருக்கு. காத்துமட்டும் இல்லை. அதால கருவாட்டில மண் ஒட்டாது!"

இப்போது சேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

முதற்பரிசு ஒரு மயிலுக்குக் கிடைத்தது. பங்குபற்றின எல்லாருக்கும் ஆளுக்கொரு பால் பைக்கற்று. இடைவேளையில் றினாஸ் அதைக் கொண்டுவந்து றுஷ்தாவின் கையில் வைத்தான்.

"உனக்குத்தான், றாத்தா."

"ஏன், நீ குடிக்கேல்லையா?"

"எப்பிடிக் குடிக்கிறது?" என்றது தலைக்கவசத்துக்குள்ளிருந்து அவன் குரல். "குடிக்கிறதெண்டா இதைக் கழட்டவேணுமே!"