நகாசி வீட்டின் பின்னறை

தென் பசிபிக்கில் திகில் படம் எடுக்கத் தெரிந்த ஒரே மனிதன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

பேயைக் காட்டினால் பயம் வராது. இரண்டு பேர் டீயைப் பற்றிப் பேச வேண்டும்; அவர்கள் மனசுக்குள் வேறொன்று ஓட வேண்டும். பார்ப்பவனுக்கு முதுகு சில்லிடும். இதற்கு இந்தத் தீவில் பிறந்து வளர்ந்த எங்கள் இந்திய ஆட்களைவிடப் பொருத்தமான நடிகர்கள் உலகத்தில் கிடையாது. தெருமுனையில் சிப்பாய் துப்பாக்கியோடு நின்றால், "இன்னிக்கு மழை வரும்போல" என்பார்கள். வெளிநாட்டுக்குக் குடிபோக விசா வந்தால் சொல்லமாட்டார்கள், நஜர் பட்டுவிடுமாம், கண்ணேறு. விமானம் ஏறும்வரை "நாந்திக்குப் போறோம்" என்பதுதான் பதில். விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது என்பதால் அது பொய்யும் இல்லை. வெறும் கோழைத்தனம். நான் எதையும் பட்டென்று சொல்கிறவன்.

இரண்டாயிரமாம் ஆண்டு நவம்பரில், கல்யாண வீடியோக்காரர் ஒருவரிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு, தலைநகர் சுவாவுக்கு வெளியே நகாசியில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். நடிகர்கள் பெரியப்பா யோகேந்திராவும் பெரியம்மா லீலாவதியும். மறுநாள் அவர்கள் நிரந்தரமாக ஆக்லாந்து போகிறார்கள். வீடு விற்கும்வரை காவல் நான்.

தகரக் கூரை வெயிலில் சடசடத்துக்கொண்டிருந்தது. சாமான்கள் போய்விட்ட வீட்டில் என் செருப்புச் சத்தமே எனக்குப் பின்னால் யாரோ வருவதுபோலக் கேட்டது.

"வாங்க டைரக்டர் சார்," என்றார் பெரியப்பா. "ஹீரோயின் ரெடி. மேக்கப்புதான் நிக்கமாட்டேங்குது."

பெரியம்மா சிரிக்கவில்லை. மே மாதத்திலிருந்தே அவள் சிரித்ததில்லை.

மே மாதம் ஆட்சியைக் கவிழ்க்க நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கிகள் நுழைந்த அன்று சுவாவில் கடைகள் எரிந்தன. அங்கே துணிக்கடையில் வேலை செய்த அவர்கள் மகன் சுனீல் அண்ணா, பஸ் இல்லாமல் நகாசிவரை நடந்தே வந்தார். உடம்பெல்லாம் புகை வாசனை. டீ குடித்துவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று பின்னறையில் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

மேசையில் இருவரையும் உட்காரவைத்தேன். பின்னறைக் கதவு அவர்களுக்குப் பக்கவாட்டில்.

"சர்க்கரையைப் பத்தி மட்டும் பேசுங்க. அந்தக் கதவைப் பாக்கவே கூடாது. ஆனா உள்ள யாரோ இருக்கறதா மனசுல நினைச்சுக்கணும்."

"நினைச்சுக்கணுமா?" என்றார் பெரியப்பா. பெரியம்மாவைப் பார்த்தார்.

கேமராவை ஓடவிட்டேன்.

"சர்க்கரை போட்டிருக்கேன்," என்றாள் பெரியம்மா.

"போதும்."

"இன்னும் கொஞ்சம் போடறேன். அவ்வளவு தூரம் நடந்த உடம்பு."

இந்த வரி நான் கொடுத்ததல்ல. பெரியப்பா எங்கும் நடக்கவுமில்லை.

புகை வாசனை வந்தது. அடுப்பு அணைந்திருந்தது.

பெரியம்மா மூன்றாவது கோப்பையில் டீ ஊற்றினாள்.

பின்னறையில் கட்டில் முனகியது.

அங்கே கட்டில் இல்லை.

கருமாதி முடிந்த கையோடு அதைக் கழற்றி வெளியே கொண்டுபோனவன் நானே.

பெரியம்மா அந்தக் கோப்பையைக் கதவுப் பக்கம் நகர்த்தினாள். "கண்ணு," என்றாள், கதவைப் பார்க்காமல். "நாங்க நாளைக்கு..."

"கட்!" என்று கத்தினேன். பயத்தில் வாய்க்கு வந்தது அது ஒன்றுதான். "வெளிப்படையா சொல்லக்கூடாது பெரியம்மா!"

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

முனகல் நின்றது.

பெரியப்பா என் காதோரம் கிசுகிசுத்தார். "சொல்ல விட்டிருக்கலாம்டா பேட்டா. இத்தனை மாசமா அவளுக்கு வாய் வரல. சொன்னா போயிடுவானோன்னு பயம். சொல்லாம போனா காத்துக்கிட்டே இருப்பானோன்னு பயம்."

"இப்ப சொல்லுங்க பெரியம்மா."

அவள் முயன்றாள். காற்றுதான் வந்தது.

மறுநாள் மதியம் வேன் வந்தது. செத்தவர்களை விட்டுவிட்டு வீடு மாறக்கூடாது, வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூடவே வரும்படி கூப்பிட வேண்டும் என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். பெரியம்மா வாசலில் நின்று உள்பக்கம் திரும்பினாள். "சு..." என்று தொடங்கினாள்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக் கம்லா எட்டிப் பார்த்தாள். "என்ன லீலா, பொட்டியெல்லாம் தூக்கிக்கிட்டு? எங்க பயணம்?"

பெரியம்மா பதறிவிட்டாள். "நாந்திக்கு. ஒரு கல்யாணம். முடிஞ்சதும் வந்துருவோம்."

சத்தமாகவே சொன்னாள். வீடு முழுக்கக் கேட்டிருக்கும்.

சொன்னது என்னவென்று உறைத்தபோது அவள் முகம் வெளிறியது. கம்லா கையாட்டிக்கொண்டே நின்றாள். பெரியப்பா பெரியம்மாவைத் தோளைப் பிடித்து ஏற்றினார். வேன் கிங்ஸ் ரோட்டில் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை ஆக்லாந்திலிருந்து போன் வந்தது.

"ஷாநீல்," என்றாள் பெரியம்மா. "அங்க மழையா?"

ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. கொடியில் என் சட்டை காய்ந்து விறைத்திருந்தது. பின்னறைக் கதவு எனக்குப் பக்கவாட்டில்.

"ஆமா பெரியம்மா. விடவேயில்ல."

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. "நனையாம பாத்துக்க," என்று வைத்துவிட்டாள்.

பின்னறைக் கதவு ஒரு விரற்கடை திறந்தது.

புகை வாசனை.

"கல்யாணம் முடிஞ்சிருச்சா?"

தூங்கி எழுந்த குரல். நடந்து களைத்த குரல்.

வேலியில் கம்லா இல்லை. தடுக்க யாருமே இல்லை. அவங்க வரமாட்டாங்க என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

"அங்க நல்ல மழையாம் அண்ணா," என்றேன், கதவைப் பார்க்காமல். "தள்ளிப் போட்டுட்டாங்களாம்."

கட்டில் முனகியது. திரும்பிப் படுத்திருப்பார்.