வாலு வீடு மாறிவிட்டாள்

"எல்லாரும் போயிட்டா, கடைசியா விளக்கை யாரு அணைக்கிறது, அக்கா?"

முதலாளி இல்லாத சமூக வலைத்தளம் ஒன்றைப் பெரியவள் விளக்கிக்கொண்டிருந்தபோது தங்கை வாலு கேட்ட கேள்வி. ஆளாளுக்கு ஒரு சர்வர் பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் தனி வீடு. இங்கே எழுதுவது மற்ற பெட்டிகளுக்கு நகலாகப் போய்ச் சேரும்.

"வேற யாரு, நான்தான். உனக்குத்தான் உடம்பு வளையாதே."

பிறகு வாலுவை ஆறு கொண்டுபோனது.

அன்றிலிருந்து அம்மா ஃபோனும் கையுமாகவே இருந்தாள். வாலு எப்போதோ போட்ட படங்களுக்குக் கீழே "சாப்பிட்டியா?" என்று எழுதிக்கொண்டே இருப்பாள். அம்மாவின் தட்டு காய்ந்து கிடக்கும். இப்படியே விட்டால் அம்மாவும் மிஞ்சமாட்டாள் என்று, ஒரு நாள் மாலை பெரியவள் வாலுவின் கணக்கை அழித்தாள்.

அழிக்கச் சொல்லி மற்ற பெட்டிகளுக்கும் செய்தி போனது. அது வெறும் வேண்டுகோள்தான். நகலை வைத்திருப்பவர் மனம் வைக்க வேண்டும். எல்லாப் பெட்டிகளும் அழித்தன, ஒன்றைத் தவிர. அவள் பார்த்தே இராத முகவரி அது.

அலமாரி மேலிருந்த அவர்கள் வீட்டுப் பெட்டியின் விசிறி வழக்கம்போல் ரீங்கரிக்காமல் யாரோ மூக்கடைத்துத் தூங்குவதுபோல இழுத்து இழுத்து ஓட, மழையே பெய்யாத அந்த மாலையில் சுவரோரமாக ஆற்றுச் சேற்றின் வாடை மெல்ல ஏறி வந்தது.

அம்மாவின் ஃபோன் சிணுங்கியது.

"பதில் போட்டிருக்கா, பாரேன்."

"யாரும்மா?"

"வாலுதான். இன்னும் சாப்பிடலையாம். பசிக்குதாம்."

பெரியவள் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். அம்மாவின் கணக்கும் அதில்தான் இருந்தது. இனி எதுவும் வராது.

விசிறி நின்றது. மூச்சு நிற்கவில்லை.

ஃபோன் மறுபடி சிணுங்கியது.

"வீடு மாறிட்டாளாம்," என்றாள் அம்மா. அவள் முகம் தெளிந்திருந்தது.

இந்த வலையில் ஒருவர் வேறு பெட்டிக்கு வீடு மாறினால், பின்தொடர்கிறவர்களும் தானாகவே அங்கே மாறிவிடுவார்கள். யாரும் சம்மதம் கேட்பதில்லை. வாலுவைப் பின்தொடர மிஞ்சியிருந்தவர்கள் இரண்டே பேர்: அம்மாவும் பெரியவளும்.

அம்மா தட்டில் சாப்பாடு போட்டு மூடினாள். வாசலைத் தாண்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா!"

பெரியவளின் கையில் ஃபோன் அதிர்ந்தது. அவளுடைய கணக்கும் வீடு மாறியிருந்தது.

கால்கள் தாமாகவே செருப்பைத் தேடின. மாட்டிக்கொண்டன.

பின்னால் சமையலறை விளக்கு அணைந்தது. அடுத்துக் கூடம். சுவிட்சின் மேல் சிறிய, ஈரமான விரல்கள்.

பெரியவள் வாசலைத் தாண்டினாள்.