பீரோ காலில் மாட்டிய ஒயர்

கரண்ட் இல்லாத மத்தியானத்தில் பாட்டரி ஏறிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் திரையின் மூலையில் பாட்டரி அளவாக நான்கு என்று நின்ற எண், கஜபதி கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்ப்பதற்குள் ஆறாகியிருந்தது. இறங்க வேண்டிய எண் அது.

தொண்ணூற்றைந்தாம் வருஷத்துச் சித்திரை, ஞாயிற்றுக்கிழமை. பராமரிப்புக்காகப் பன்னிரண்டு மணிக்கே அம்பத்தூர் எஸ்டேட் முழுக்கக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். ஐந்து மணிக்குத்தான் வரும். பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியின் ஆபீஸ் அறையில், பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் வெயில் ஒரு கோடாகக் கிடக்க, உருகிய பிளாஸ்டிக்கின் பழைய நாற்றமும் ஈயம் பற்றவைத்த புகையும் கலந்து தொண்டையைப் பிடிக்க, தலைக்குமேல் தகரக் கூரை சூட்டில் முறுகி யாரோ நடப்பதுபோல் டக், டக் என்றது. நடுநடுவே யூ.பி.எஸ். பெட்டி பீப் என்று குரல் கொடுத்தது.

கரண்ட் போனால் கம்ப்யூட்டரைத் தாங்கும் அந்தப் பெட்டியை வெள்ளிக்கிழமை கெடுத்ததே கஜபதிதான். பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே போகும் ஒயர் காணாமல்போக, எடை மிஷினின் ஒயரை எடுத்துச் சொருகினான். தலை பொருந்தினால் போதும். பதினெட்டு வருஷமாக எஸ்டேட்டில் அவன் பார்த்த வேலையெல்லாம் அப்படித்தான். பெட்டி ஒருமுறை விக்கிப் புகைந்து அடங்கியது. மேனேஜர் கிறிஸ்துராஜ் சத்தம்கூடப் போடவில்லை. "திங்கக்கிழமை காலைல இது ஓடணும் கஜபதி. ஓடலன்னா நீ வரவேணாம்" என்றார்.

வீட்டில் ஐந்து வயிறு அவனை நம்பி இருந்தது.

காலையிலிருந்து பெட்டியைப் பிரித்துக் கருகியதை மாற்றினான். ஒரு கறுப்பு ஒயர் மட்டும் மிச்சம். அது உட்கார வேண்டிய இடம் எரிந்துபோயிருந்தது. எர்த் கொடுக்கும் பாடி ஒயராக இருக்கும், ஏதாவது இரும்பில் கொடுத்தால் போதும் என்று, வழக்கம்போல, பக்கத்திலிருந்த பீரோவின் காலில் ஒரு கிளிப் போட்டு அதை மாட்டினான்.

அந்தப் பீரோவில்தான் வாட்ச்மேன் அப்பாவு வெற்று முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். இரும்பு சில்லென்று இருக்கிறதாம்.

"இன்னா நைனா, ஏறுதா?"

"ஏறுது அண்ணாத்தே. இருபது."

"கரண்டே இல்ல. காத்துலருந்தா ஏறுது?"

"மிஷினுக்கு எதுனா கணக்கு இருக்கும்."

"உன் கணக்கு தெரியாதா எனக்கு. வெள்ளிக்கெயம வுட்ட பாரு ஒரு பொகை, வெள்ளானூர்ல என் பொண்டாட்டி இருமிக்கினு கீறா."

கஜபதி சிரித்துவிட்டான். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

நாற்பது வந்தபோது அப்பாவு, வீட்டில் வைத்திருக்கும் கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், பாதியில் விட்டுவிட்டார். ஐம்பத்தைந்தில், "குளுருது நைனா" என்றார். கஜபதிக்கோ வியர்வை புருவத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"தூங்கிட்டியா அண்ணாத்தே?"

"உம்."

எழுபது. அறையில் இன்னொரு வாசனை வந்திருந்தது. ஈர இரும்பும் மனுஷ வியர்வையும் சேர்ந்த வாசனை. கூரையின் சத்தம் நின்றுவிட்டிருந்தது. அப்போதுதான் அந்த மூச்சு அவன் காதில் பட்டது. அப்பாவு மூச்சை வெளியே விடுகிறார். எண் ஒன்று ஏறுகிறது. மறுபடி ஒரு மூச்சு. எழுபத்தொன்று.

கிளிப் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

திங்கட்கிழமை காலை கண்முன் நின்றது. பெட்டி ஓடுகிறது, கிறிஸ்துராஜ் தலையாட்டிவிட்டுப் போகிறார். இன்னும் கொஞ்சம். ஆளுக்கு ஒன்றும் ஆகாது, உட்கார்ந்துதானே இருக்கிறார். தொண்ணூறு வரட்டும், எடுத்துவிடலாம்.

தொண்ணூறு வந்தது. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தொண்ணூற்றெட்டு.

பாய்ந்து கிளிப்பைப் பிடுங்கினான். அப்பாவுவைத் தோளில் கைகொடுத்து இழுத்தான். பலத்தோடு இழுத்தவன் மல்லாக்க விழுந்தான். எடையே இல்லை. காலிச் சாக்கு. தோல் மட்டும் சூடாக இருந்தது.

திரையில் நூறு.

பிறகு தொண்ணூற்றொன்பது.

எண் இறங்க இறங்க, நிமிர்ந்து உட்கார்ந்த அவன் மடியில் கிடந்த அப்பாவுவின் மார்பு ஒவ்வொரு தடவையாக எழுந்து தாழ்ந்தது. பெட்டியில் ஏறியதைக் கம்ப்யூட்டர் தின்றுகொண்டிருந்தது. கிளிப்பை மறுபடி பீரோவில் மாட்டினான். எண் இறங்கியது. அப்பாவுவின் விரலில் மாட்டினான். இறங்கியது. கம்ப்யூட்டரின் சுவிட்சில் கை வைத்தான். அணைத்தால் அந்த மார்பு என்ன ஆகும்? கையை எடுத்துக்கொண்டான்.

செலவைக் குறைக்க வேண்டும். பிரிண்டரைப் பிடுங்கினான். நாற்பது. மணி மூன்றரை. கரண்ட் வர ஒன்றரை மணி நேரம்.

"அண்ணாத்தே. கொஞ்சம் மெதுவா வுடு. மெதுவா."

கண்கள் அவனைப் பார்த்தன. இமைக்கவில்லை.

இருபது. கடைசியில் திரையையும் அணைத்தான். இனி எண் தெரியாது. வெறும் கறுப்புக் கண்ணாடி.

பீப். மார்பு எழுந்தது.

பீப். எழுந்தது.

பாட்டரி தீரும் நேரத்தில் அந்தப் பெட்டி விடாமல் கத்தும். அது அவனுக்குத் தெரியும். பீப். பீப். பீப். மடியில் மார்பும் நாய் இரைப்பதுபோல் வேகமாக எழுந்து விழுந்தது. அவன் இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்தான்.

சட்டென்று பெட்டி அடங்கியது. மார்பும்.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. இடைவெளி இல்லாத ஒரே பீப் ஓசை. மெல்லிசாக, நீளமாக.

அது அப்பாவுவின் திறந்த வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.