தடம் இல்லாத கேள்வி

"இன்று புதிதாக என்ன செய்து பார்த்தீர்கள்?" என்று சுவரிலிருந்த குறிப்பான் கேட்டது.

"ஒண்ணுமில்ல," என்றாள் நறுமுகை. "நேத்தும் ஒண்ணுமில்ல. எழுதிக்கோ."

குறிப்பான் எழுதிக்கொண்டது. தீப்பெட்டி அளவுக் கருவிதான் அது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த ஒருவர் வாழும் இரண்டு லட்சம் வீடுகளில், தினமும் மாலை ஆறரைக்கு, அது இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. இன்று தானாகச் சட்டைப் பொத்தான் போட்டான், இன்று தைராய்டு மாத்திரையைத் துப்பாமல் விழுங்கினாள், இன்று கடைக்காரரோடு சண்டை போட்டான் என்று வீட்டார் சொல்வார்கள். முன்நடை என்ற அந்த வலையமைப்புக்கு இந்தப் பதில்கள்தான் உணவு.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஒருவர் செய்து பார்த்தவற்றை நாள் வாரியாகக் கோத்தால் கிடைப்பது அவருடைய தடம். நீங்கள் ஒரு கேள்வி கேட்டால், முன்நடை இரண்டு லட்சம் தடங்களையும் புரட்டும். இதயம், காது, பேச்சு, பிடிவாதம் எல்லாவற்றிலும் உங்கள் பிள்ளைக்கு மிக நெருக்கமான மூன்று பேரைக் கண்டுபிடிக்கும். அவர்கள் வீட்டில் என்ன நடந்ததோ அதைச் சொல்லும். நடக்காததைச் சொல்லாது. ஊகிக்கவே ஊகிக்காது.

இப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது? இருபத்தொன்றாம் குரோமோசோம் எல்லோருக்கும் இரண்டு இருக்கும், இவர்களுக்கு மூன்று. காரணம் ஒன்றேதான் என்றாலும் அது வெளிப்படும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பிள்ளை இரண்டு வயதில் நடக்கும், இன்னொன்று நாலில். பழைய இணையத்தில் நல்ல தகவல்கள் குவிந்துகிடந்தன. ஆனால் எல்லாம் பொதுவானவை. நள்ளிரவில் கைக்குழந்தையோடு தேடும் தாய்க்குப் பொதுவான குழந்தை எதற்கு? தன் குழந்தை அல்லவா வேண்டும்!

நறுமுகையின் அம்மா சஞ்சனா முன்நடையில் சேர்ந்தபோது மகளுக்கு வயது பன்னிரண்டு நாள். இந்த இருபத்து மூன்று வருடங்களில் பதினோராயிரம் கேள்விகள் கேட்டிருந்தாள். முடிவெட்டும் இயந்திரத்தின் சத்தத்துக்குக் குழந்தை அலறுகிறதே என்று ஒருமுறை கேட்டாள். 'மூன்று வீடுகளில் முதலில் அப்பாவுக்கு வெட்டிக் காட்டினார்கள்' என்று பதில் வந்தது. அன்று அவள் கணவன் பிரணவ் மொட்டையானான். குழந்தை கைதட்டிச் சிரித்துவிட்டு, தன் முடியை வெட்டச் சொல்லித் தலையை நீட்டியது.

அப்படிப்பட்ட முன்நடை ஒன்பது நாட்களாகப் பதில் சொல்லவில்லை.

நறுமுகை பொள்ளாச்சியில் ஒரு பேக்கரியில் எட்டு மாதம் ரொட்டி போடப் பழகியிருந்தாள். அவள் பிசைந்த மாவு தப்பியதே இல்லை. கடிகாரத்தைப் பார்க்க மாட்டாள், மாவைத் தொட்டுப் பார்ப்பாள். வால்பாறையில் காட்டு ஆராய்ச்சியாளர்கள் தங்கும் விடுதியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. காலையும் மாலையும் ரொட்டி போட வேண்டும். சம்பளம் உண்டு, தங்க அறை உண்டு. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், செவ்வாய்க்கிழமை வேலையில் சேர வேண்டும்.

'என் மகள் தனியாக மலையேறிப் போய், அங்கேயே தங்கி வேலை பார்க்கலாமா?' என்று சஞ்சனா கேட்டிருந்தாள். எப்போதும் மூன்று நொடியில் விடை வரும். இந்த முறை 'தடம் இல்லை. காத்திருக்கவும்' என்று வந்தது.

இப்போது வியாழன் மாலை.

"மறுபடி கேட்டுப் பாத்தியா?" என்றான் பிரணவ்.

"நாப்பது தடவ கேட்டுட்டேனுங்க."

"வேற மாதிரி கேட்டுப் பாரேன்."

"அப்பா, என்கிட்ட ஒரு தடவ கேளுங்க," என்றாள் நறுமுகை. அவளுக்குப் பேச்சு நிதானமாகத்தான் வரும். ஆனால் வந்தால் நேராக வரும். "நான் போறேன்னு சொல்லிட்டேன். மூணு நொடிதான் ஆச்சு."

சஞ்சனா முன்நடையின் தட ஆய்வாளரை அழைத்தாள். சுவர்த்திரையில் பர்வீன் என்ற இளம்பெண் தோன்றினாள். ஒரு கையில் தேநீர்க் கோப்பை. யாராவது இந்தக் கேள்வியோடு வர மாட்டார்களா என்று காத்திருந்தவளைப் போல உற்சாகமாக இருந்தாள்.

"இருங்கக்கா, படமாவே காட்டறேன்."

திரை முழுக்கக் கோடுகள் பரவின. ஒவ்வொரு கோடும் ஒருவரின் தடம். இடது பக்கம் அவை கொட்டிய சேமியா போலத் தாறுமாறாகக் கிடந்தன. வலப்பக்கம் வர வர ஒன்றோடொன்று நெருங்கி, கடைசியில் ஒரே தடித்த சாலையாகிவிட்டன. அந்தச் சாலை ஓரிடத்தில் வெட்டியது போல நின்றது.

"இடது பக்கம் இருக்கறவங்க எல்லாம் முன்நடை வர்றதுக்கு முன்னாடியே வளந்து, பின்னாடி சேந்தவங்க. அவங்க வீட்ல கேக்கறதுக்கு ஆளில்ல. அதனால கண்டபடி செஞ்சு பாத்தாங்க. நாங்க உங்களுக்குக் குடுத்த பதிலெல்லாம் அவங்க விழுந்து எந்திரிச்சது. வலது பக்கம் உங்க பொண்ணு வயசுக்காரங்க. நீங்க கேட்டுச் செஞ்சீங்க. எல்லாரும் கேட்டுத்தான் செஞ்சாங்க. அதனால எல்லாரும் ஒரே பாதையில வந்துட்டீங்க."

"அந்தப் பாதை ஏம்மா அங்க நிக்குது?"

"அதுக்கு மேல யாரும் போகல. வெளியூர்ல தங்கி வேல பாத்தவங்க அந்தக் காலத்துலயும் இருந்திருப்பாங்க. ஆனா ஒருத்தரும் நம்ம வலையில சேரல. சேரணும்னு அவங்களுக்குத் தோணல போல."

சஞ்சனா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "இந்தக் கேள்விய வேற யாராச்சும் கேட்டிருக்காங்களா?"

"மூவாயிரத்து நானூத்திப் பன்னெண்டு குடும்பம். உங்களோட சேத்து."

"அவங்க என்ன பண்றாங்க?"

"காத்திருக்காங்க."

"எதுக்கு?"

"யாராவது ஒருத்தர் செஞ்சு பாக்கறதுக்கு," என்று சொல்லிவிட்டு பர்வீன் தேநீரை ஒரு வாய் குடித்தாள். "ஆறு வருசமா இந்தச் சாலை ஒரு அடி நகரலக்கா."

நறுமுகை ரொட்டி வெட்டுவதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள். "அவங்களுக்காக நாம காத்திருக்கோம். நமக்காக அவங்க. எல்லாரும் நீங்க ஏறுங்க, நீங்க ஏறுங்கன்னு சொல்லிட்டு நின்னா பஸ் போயிரும்மா."

"ஏதாச்சும் ஆயிட்டா, கண்ணு?"

"ஆச்சுன்னா அதையும் எழுதிக்கும்."

பர்வீனுக்குப் புரையேறியது. பிரணவ் சிரித்துவிட்டான். சஞ்சனாவால் மட்டும் சிரிக்க முடியவில்லை. ஒன்பது நாட்களாக ஒவ்வொரு முறை 'காத்திருக்கவும்' என்று வந்தபோதும், நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்ததை அவள் இப்போதுதான் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள். போகாதே என்று மகளிடம் சொல்ல அவளுக்குத் துணிவில்லை. அதை இயந்திரம் அவளுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"செவ்வாக்கெழம எத்தன மணிக்கு பஸ்?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்து வண்டியில் நறுமுகை ஏறினாள். மூன்றாவது வரிசை ஜன்னலோர இருக்கை. நீலப் பை, எலுமிச்சைச் சாதம், வயிற்றுப் புரட்டலுக்கு இஞ்சி மிட்டாய். இஞ்சி மிட்டாயையும் மீறி, பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு வாந்தி. விடுதிக்கு ஒரு நிறுத்தம் முன்பாகவே தவறி இறங்கிவிட்டாள். மூன்று பேரிடம் வழி கேட்டு, இருபது நிமிடம் தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக நடந்து போய்ச் சேர்ந்தாள். மாலை ஆறரைக்குத் தன் அறைக் குறிப்பானிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பெயரையும் ஊரையும் வெளியிடலாமா என்று அது கேட்டது. தடம் யாருடையதோ அவர் அனுமதித்தால்தான் வெளியிட முடியும்.

"எல்லாருக்கும் சொல்லு," என்றாள் பெருமையோடு.

அடுத்த மூன்று நொடிகளில் மூவாயிரத்து நானூற்றுப் பதினொரு வீடுகளில் 'ஒரு தடம் உண்டு' என்று பச்சை எழுத்து மின்னியது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை. நறுமுகை அடுப்பிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது விடுதி மேலாளர் வாசலிலிருந்து கூப்பிட்டார். "நறுமுகை, உன்னத் தேடி ஒரு ஊர்வலமே வருது, வந்து பாரு!"

தேயிலைத் தோட்டத்தின் ஓரமாகப் பதினொரு இளைஞர்களும் அவர்களின் அம்மாக்களும் மூச்சுவாங்க ஏறி வந்துகொண்டிருந்தார்கள். எல்லோர் தோளிலும் நீலப் பை. ஏழு பத்து வண்டியில் மூன்றாவது வரிசை ஜன்னலுக்குப் பெரிய தகராறாம். பதினெட்டாவது வளைவில், வாந்தி வராத பிள்ளைகளின் முகத்துக்கு நேராகவும் அம்மாக்கள் பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்தார்களாம்.

"ஏங்க நடந்து வர்றீங்க? பஸ் விடுதி வாசல்லயே நிக்குமே," என்றாள் நறுமுகை.

கரூரிலிருந்து வந்த ஒரு அம்மா வியர்வையைத் துடைத்தாள். "நீ அங்கதான எறங்குன, சாமி?"

"நான் தப்பா எறங்குனேங்க!"

அம்மாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது தவறு என்பதும் தடத்தில் இருந்ததுதான். ஆனால் தடத்தில் இருந்ததால் அது தவறாகத் தோன்றவில்லை.

மேலாளர் தலையைச் சொறிந்தார். "ரொட்டி போட ஒரு ஆள் போதுங்களே. அத்தன ரொட்டிய யார் திங்கறது?"

"வாரத்துக்கு ஒருத்தரா மாத்தி மாத்தி வெச்சுக்கலாமே," என்றாள் கரூர் அம்மா. மற்றவர்கள் ஆவலோடு ஆமோதித்தார்கள். இளகிய மனசுக்காரரான மேலாளர் விரல்விட்டு வாரங்களை எண்ணத் தொடங்கினார். பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம்! நறுமுகை கையிலிருந்த மாவைத் துடைத்தாள். ஒரே வாரம் பார்த்த வேலை கண்ணெதிரே பன்னிரண்டு துண்டாகிக்கொண்டிருந்தது.

அவள் அம்மாக்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் போனாள். முதலில் நின்றவன் கரூர் அம்மாவின் மகன் ஆதிரன்.

"உனக்கு ரொட்டி போடப் புடிக்குமா?"

"இல்ல. ஆடுதான் புடிக்கும்."

"பொறவு எதுக்கு வந்தே?"

"தடம் இருக்குன்னு கூட்டிட்டு வந்தாங்க."

கரூர் அம்மா மகனின் தோளிலிருந்த நீலப் பையை வாங்கிக்கொண்டாள். நறுமுகை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். ஒருவனுக்குத் திரையரங்கில் டிக்கெட் கிழிக்க ஆசை. ஒருத்திக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒருவன் வீட்டிலேயே இருப்பேன், கேரம் ஆடுவேன் என்று உறுதியாகச் சொன்னான். தமிழோவியா என்ற பெண் மட்டும் கேள்விக்குக் காத்திராமல் உள்ளே போய் மாவைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் பத்து நிமிசம் ஊறணும்," என்றாள்.

"இவ இருக்கட்டுங்க," என்றாள் நறுமுகை மேலாளரிடம். "மத்தவங்களுக்கு டீ மட்டும் போதும்."

அன்று ஆறரைக்குக் குறிப்பான் கேட்டதும் அவளிடம் சொல்ல நிறைய இருந்தது. "பத்துப் பேரத் திருப்பி அனுப்புனேன். உனக்கு என்ன புடிக்கும்னு எல்லாரையும் கேட்டேன். அவங்க அம்மாங்க பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தாங்க." நடந்தது நடந்ததுதான், முன்நடை அதையும் தடத்தில் சேர்த்தது. வால்பாறைக்கு அனுப்பலாமா என்று கேட்ட எல்லா வீடுகளுக்கும் அது அப்படியே போனது.

முன்நடையின் பதில்களை வரி பிசகாமல் பின்பற்றும் குடும்பங்கள் இதையும் பின்பற்றின. பிள்ளையை எதிரே உட்காரவைத்து, உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டன. மூவாயிரம் வீட்டில் மூவாயிரம் விதமாகப் பதில் வந்தது. பர்வீனின் திரையில் சாலையின் நுனி ஈர்க்குமாறு போலப் பிரிந்தது. ஆதிரன் கரூருக்கு வெளியே ஒரு ஆட்டுப் பண்ணையில் சேர்ந்தான். மூன்றாம் நாள் கதவைச் சாத்த மறந்து, பதினாறு ஆடுகளும் பக்கத்துத் தோட்டத்து வெண்டைக்காயை மேய்ந்துவிட்டன. அதுவும் ஒரு தடமானது. திட்டும் வாங்கினான், மறுநாள் வேலைக்கும் போனான்.

இரண்டு மாதம் கழித்து நறுமுகை வீட்டுக்குப் பேசினாள்.

"அம்மா, எனக்கும் தமிழோவியாவுக்கும் ரெண்டு நாள் லீவு. நாங்க ஊர் சுத்தப் போறோம்."

"எங்க கண்ணு?"

"சொல்லமாட்டேன்."

"என்கிட்ட கூடவா?" சஞ்சனாவின் குரல் ஏறியது. "நான் பெத்தவடி!"

"நீங்க ஆறரைக்குக் குறிப்பான்கிட்ட சொல்லிருவீங்க," என்றாள் நறுமுகை. "பொறவு பஸ்ல எங்களுக்கு எடம் கெடைக்காது."