பனிக்குள் ஒரு கொக்குக் குஞ்சு

எப்போது பார்த்தாலும் நினைப்பிலேயே மிதந்துகொண்டிருப்பதால், அந்தச் சின்னப் பெண்ணுக்கு வீட்டில் ‘மேகம்’ என்று பெயர்.

ஏரி நடுவில் நின்ற மரத்தில் கொக்கு கூடு கட்டியதை அவளும் அம்மாவும்தான் முதலில் பார்த்தார்கள். பிறகு அம்மா மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு படுத்தபடி, “குஞ்சு முதல்முதலா பறக்கிறதை மட்டும் பாக்கணும்டி” என்பாள்.

இரண்டு நாளாகக் குஞ்சு கிளை நுனிக்கு வந்து சிறகடித்துப் பார்த்தது. இன்று பறந்துவிடும் என்று மேகத்துக்குத் தோன்றியது. அம்மாவுக்காகப் படம் எடுக்க, அப்பாவையும் அக்காவையும் காலையிலேயே ஏரிக்கரைக்கு இழுத்து வந்துவிட்டாள்.

எங்கும் பனி. தண்ணீர் எது, வானம் எது என்றே தெரியவில்லை. மரம் அந்தரத்தில் தொங்குவதுபோல் இருந்தது.

அப்பா தன் பழைய கேமராவைத் தட்டிக் காட்டினார். “முழுக்க இரும்பு. கீழே விழுந்தா தரைக்குத்தான் அடிபடும்.”

“என்னோடதுல மழை பெஞ்சாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது” என்றாள் அக்கா.

“பிளாஸ்டிக் எத்தனை நாளைக்கு வரும்?”

“உங்களோடது போன மாசமே மூணு தடவை மக்கர் பண்ணுச்சே, அப்பா.”

“குஞ்சு கழுத்தை நீட்டுது” என்று கிசுகிசுத்தாள் மேகம்.

அப்பா அவசரமாக ஃபிலிம் சுற்றும் விசையைத் தள்ளினார். அது பாதியில் சிக்கி நின்றது. எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை. அவர் முகம் தொங்கிப்போனது.

அக்கா தன் கேமராவைத் தூக்கினாள். லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்தது. திரையில் வெறும் வெள்ளை.

“பனியில எதைப் பாக்கிறதுன்னு இதுக்குத் தெரியல” என்றாள். கேமராவைத் தாழ்த்தினாள்.

மேகம் யோசித்தாள். “தானா பாக்கத் தெரியலைன்னா, லென்ஸைக் கையால திருப்ப முடியாதா?”

“முடியும். எனக்குப் பழக்கமில்லையே.”

“அப்பா விரலுக்குப் பழக்கம்தானே?”

அப்பாவும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா கேமராவைப் பிடித்துக்கொண்டாள். அப்பா லென்ஸ் வளையத்தை மெல்லத் திருப்பினார். தலையும் தலையும் இடித்துக்கொண்டன. வெள்ளைக்குள்ளிருந்து முதலில் கிளை வந்தது. அப்புறம் கழுத்து. அப்புறம் மஞ்சள் அலகு.

குஞ்சு கிளையை விட்டது.

கல்லைப்போல் கீழே இறங்கியது. மேகம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே சிறகுகள் விரிந்தன. அக்காவின் விரல் பொத்தானை விடவேயில்லை.

வீட்டில், மேகம் அம்மாவின் தோளில் சாய்ந்து ஒவ்வொரு படமாக நகர்த்திக் காட்டினாள். இது யார் எடுத்த படம் என்று கட்டில் பக்கத்தில் அப்பாவுக்கும் அக்காவுக்கும் வழக்கு தொடங்கியிருந்தது.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“சத்தம் போடாதீங்க. குஞ்சு பயந்துடப்போகுது.”